முடிக்காத வீச்சு

எதையும் கடைசிவரை கொண்டுபோகாத ஒரு பெண் எனக்கு மாணவியாக இருந்தாள். காலை வழிபாட்டில் பாடும்போது, கடைசிச் சொல்லுக்கு முன்பே அவள் உதடுகள் மூடிக்கொள்ளும். வகுப்பறைக் கதவைத் திறந்தால் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத்தான் திறப்பாள். சிரிக்கத் தொடங்கி, பக்கத்தில் இருப்பவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிடுவாள்.

பேச்சும் அப்படித்தான். "சார், நாளைக்கு நான்..." என்று தொடங்குவாள். மிச்சத்தை நாம்தான் யூகிக்க வேண்டும். "நாளைக்கு வர மாட்டியா?" என்று கேட்டால், "ஆமா சார்" என்பாள். மறுநாள் வந்து நிற்பாள். அவள் சொல்ல வந்தது வேறு. ஆனால் நாம் ஒன்றைச் சொல்லி முடித்துவிட்டால் அதை மறுக்க அவளுக்கு மனம் வராது. இந்தக் குணத்தை நான் நன்றாக அறிந்திருந்தேன். அறிந்திருந்தேன் என்பதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில் தூத்துக்குடியில், கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளி ஒன்றில் நான் விஞ்ஞான ஆசிரியராக இருந்தேன். வயது முப்பதுக்குள். சொந்த ஊர் நாசரேத் பக்கம். வீட்டைச் சுற்றி வேம்பும் தென்னையும் நின்ற பெரிய வளவு எங்களுக்கு இருந்தது. சென்னையில் படித்தபோது சாஃப்ட்பால் ஆடியிருந்தேன். உருண்டை மட்டையால் பந்தை அடித்துவிட்டு, நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வர வேண்டிய ஆட்டம். மூன்று வீச்சிலும் பந்தைத் தொடாவிட்டால் ஆள் அவுட். பந்து எறிபவர் கையைத் தாழ்த்தி இடுப்புக்குக் கீழிருந்து எறிவார். எங்கள் பள்ளிக்கு யாரோ ஒரு சிஸ்டர் வெளிநாட்டிலிருந்து மட்டைகளும் கையுறைகளும் கொண்டுவந்து வைத்திருந்தார். தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் பயிற்சியும் என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டேன். படம் போட்ட பயிற்சிப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் அடிப்பவனின் மட்டை பந்தைத் தொட்ட பிறகும் நிற்காமல் போய், உடம்பைச் சுற்றி, தோளுக்குப் பின்னால் முடியும். அந்தப் படத்தை நான் வேதத்தைப்போல நம்பினேன்.

அவள் மட்டை பந்தைத் தொட்ட இடத்திலேயே நின்றுவிடும்.

இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். அவள் பந்தைத் தவறவிடுவதே அபூர்வம். கண் அவ்வளவு கூர்மை. எறிபவள் கையிலிருந்து பந்து கிளம்பியதும் மற்றப் பிள்ளைகளுக்கு அவசரம் வந்துவிடும். இவள் காத்திருப்பாள். இனி அடிக்க முடியாது என்று நாம் நினைக்கும்போது மட்டை வரும். 'டொப்' என்று ஒரு நல்ல சத்தம் கேட்கும். அதோடு மட்டை அந்தரத்தில் நிற்கும், யாரோ கையைப் பிடித்துக்கொண்டதுபோல. பந்து அருகில் நிற்பவர்களின் தலைக்கு மேலே போய், தொலைவில் நிற்பவர்கள் ஓடி வருவதற்குள் மணலில் விழுந்து செத்துவிடும். அவள் முதல் மூலைக்கு ஓடிவிடுவாள். எப்போதும் ஒரு மூலைதான்.

"ஏளா, உன் பேட்டுக்கு பிரேக் வச்சிருக்கா?" என்று எறிபவள் கேலி செய்வாள். "எண்ணெய் போடுளா, இறுகிக் கிடக்கு" என்பாள் இன்னொருத்தி. இவள் சிரிக்கத் தொடங்கி நிறுத்துவாள்.

"ஏம்மா நிறுத்துத?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுக்கு மேல போக மாட்டக்கு சார்."

"கை வலிக்கா?"

"ஆமா சார்."

கை வலிக்கவில்லை. நான் கேட்டதனால் அப்படிச் சொன்னாள்.

அவளுடைய அப்பா சங்கு குளிப்பவர். முத்துக் குளிப்பு அதற்குள் நின்றுபோயிருந்தது. சங்குக்கு மட்டும் வள்ளங்கள் போய்வந்துகொண்டிருந்தன. உப்புத் தண்ணீரில் சிவந்த கண்களும் அகன்ற மார்புமாக அவர் ஒருநாள் பள்ளி வாசலுக்கு வந்தார். நாற்காலி போடச் சொன்னேன். உட்காராமல், நின்றபடியே பேசினார்.

"பிள்ள நல்லா வெளையாடுதுன்னு சொல்லுதாவ. இதனால எதும் உண்டா சார்?"

உண்டு என்றேன். மாநில அணிக்கு ஆள் எடுப்பது பாளையங்கோட்டையில் நடக்கப்போகிறது. அணியில் இடம் கிடைத்துவிட்டால், அங்கேயே ஒரு கல்லூரி விடுதியோடு சேர்த்துக்கொள்ளும் என்று எனக்கு உறுதி சொல்லியிருந்தார்கள்.

"இல்லேன்னா?"

"இல்லேன்னா நீங்கதான் பாத்துக்கணும்."

"எங்கன பாக்க? அவ அம்மாகூட எறால் கம்பெனிக்குத்தான் போவணும்." தலையைச் சரித்துக் காதில் கையை வைத்துத் தட்டிக்கொண்டார். தண்ணீர் போன காதைத் தட்டுவது குளியாளிகளின் பழக்கம். "அவளுக்குப் படிக்கணும்னுதான். வாய் தொறந்து சொல்ல மாட்டா. நீங்க கண்டிச்சுச் சொல்லுங்க சார். நீங்க சொன்னா செய்வா."

செய்வாள் என்று எனக்கும் தெரியும்.

தூர அடிப்பவர்களைத்தான் அணிக்கு எடுப்பார்கள் என்று நான் நினைத்தேன். அது உண்மைதானா என்று இன்றுவரை தெரியாது. ஒரு மூலை ஓட்டம் தவறாமல் எடுக்கும் பெண்ணை எந்த அணியும் வேண்டாம் என்று சொல்லியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குப் புத்தகப் படம்தான் கண்ணில் நின்றது.

பள்ளி மைதானத்துப் பூவரச மரத்தில் பழைய லாரி டயரைக் கட்டித் தொங்கவிட்டு அடிக்க வைத்தேன். அது உதவவில்லை. டயரில் அடித்தால் யாருடைய மட்டையும் நிற்கும். பிறகு இரும்புக் குழாய் ஒன்றை நட்டு, அதன் தலையில் சைக்கிள் டியூப் துண்டைச் செருகி, அதன்மேல் பந்தை வைத்தேன். அசையாத பந்து. பயப்பட ஒன்றுமில்லை. அப்போதும் பந்து பறக்கும், மட்டை நிற்கும். ஒரு பிள்ளையைப் பக்கவாட்டில் குந்தவைத்து, பந்தை மெல்லத் தூக்கிப் போடச் சொன்னேன். அப்போது அவள் வீச்சு இன்னும் குறுகியது. போடும் பிள்ளை எட்டத்தான் உட்கார்ந்திருந்தது. அன்றைக்காவது நான் யோசித்திருக்க வேண்டும்.

கடைசியில் பலித்தது ஈரத் துண்டு. ஒரு துண்டை நனைத்து, முனையில் முடிச்சுப் போட்டு, மட்டைக்குப் பதில் அதை வீசச் சொன்னேன். முழுதாகச் சுற்றினால் முடிச்சு தோளைத் தாண்டி வந்து முதுகில் அறையும். அறைந்த சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். சத்தம் கேட்டதும் அப்படியே அசையாமல் நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள் பிள்ளைகள். நான் அவர்களுடைய கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவன் அல்ல. ஆனாலும் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நேரத்தை எப்படிச் சொன்னால் புரியும் என்று தெரியும். "ஒரு பிரியதத்தம் சொல்லி முடிக்கிற வரைக்கும்" என்றேன். மாதாவை வாழ்த்தும் செபத்துக்கு அவர்கள் பாட்டிமார் காலத்துப் பெயர் அது. அந்தச் செபத்தை வைத்துத்தான் அவர்கள் வீட்டில் முட்டைகூட அவிப்பார்கள்.

மாலை வெயிலில், ஈரத் துண்டு முதுகில் ஒட்டிக்கிடக்க, உதடு அசைய அவள் நிற்பது இப்போதும் கண்ணுக்குத் தெரிகிறது. நாள் போகப் போக முடிச்சு முதுகைத் தொட்டது. பிறகு அறைந்தது. பிறகு கையில் மட்டையைக் கொடுத்தபோதும் மட்டை சுற்றி வந்தது. பந்து சுற்றுச்சுவரைத் தாண்டி உப்பளத்துப் பாதையில் விழுந்தது. பிள்ளைகள் கூவினார்கள். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் திங்கட்கிழமைதோறும் பழைய நிறுத்தம் திரும்பி வந்தது. வாரம் முழுவதும் நான் அவிழ்த்ததைச் சனியும் ஞாயிறும் கட்டிவிடும். வீட்டிலும் பயிற்சி செய்கிறாள் என்று அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

"வீட்டுல பழைய மாதிரிதான் அடிக்கியா?"

"ஆமா சார்."

"அங்க ஒரு மாதிரி, இங்க ஒரு மாதிரின்னா கைக்கு எது பழகும்? வீட்டுலயும் முழுசா சுத்து."

"வீட்டுல அப்பா..." என்றாள். அங்கே நின்றுவிட்டாள்.

வயதுக்கு வந்த பெண் மட்டை பிடிப்பதை அப்பா விரும்பவில்லை போலும் என்று நான் எண்ணிக்கொண்டேன். வாசலுக்கு வந்து மகளுக்காகக் கேட்ட மனிதரைப் பற்றி அப்படி எண்ணினேன். "அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு" என்றேன்.

"சரி சார்."

அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை. மறுநாள் அவளுடைய அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியை சிஸ்டரின் அறைக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். அம்மாவின் விரல்கள் இறால் உரித்து வெளுத்துச் சுருங்கியிருந்தன. சனிக்கிழமை காலை வீட்டுக்குள் மட்டை வீசும்போது மகளின் மட்டை அப்பாவின் காதோரம் பட்டுவிட்டது என்று அவர் சொன்னார். ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை.

"பிள்ள மேல தப்பு இல்ல மதர். ரெண்டு நாளா ஒண்ணும் திங்க மாட்டக்கு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

சிஸ்டர் கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. அவளைப் பார்த்துக் கேட்டார். "வீட்டுக்குள்ள வச்சு யாரு இதைச் செய்யச் சொன்னா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிஸ்டரைப் பார்த்தாள்.

"சார்..." என்றாள். நின்றுவிட்டாள்.

அறையில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. மிச்சத்தைச் சொல்ல வேண்டியவன் நான். சிஸ்டர் என்னைவிட முந்திக்கொண்டார்.

"சார் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாங்க. என்ன?"

"ஆமா சிஸ்டர்" என்றாள் அவள்.

நான் வாயைத் திறக்கவில்லை. மேசைமேல் இருந்த ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அறையை விட்டு வெளியே வந்தபோது அவளுடைய அம்மா என்னிடம், "உங்களுக்கும் கெட்ட பேரா போச்சு சார்" என்று வருத்தப்பட்டார். "பரவாயில்லம்மா" என்றேன். அந்தப் பதிலையும் நான் சொன்னேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அவளுடைய அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு நான் போனது பல நாள் கழித்து. போகாமல் இருக்க என்னென்னவோ காரணம் தேடிக்கொண்டேன். கோயிலுக்குப் பின்னால் இருந்த நெருக்கமான தெருவில் ஒரே அறை கொண்ட ஓட்டு வீடு. ஒரு பக்கம் அடுப்பு. ஒரு பக்கம் சுருட்டிய பாய்களும் தகரப் பெட்டிகளும். நடுவில் உத்தரத்திலிருந்து சேலைத் தொட்டில் தொங்கியது. உள்ளே அவளுடைய கடைசித் தங்கை தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உட்கார இடம் கொடுப்பதற்காக அவர் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார். காதில் பஞ்சு.

தெருவில் மட்டையோடு நின்றால் பையன்கள் கேலி செய்வார்கள் என்று வீட்டுக்குள்ளேயே பழகினார்களாம். வலைநூலைச் சுற்றிப் பந்து செய்தது அவர்தானாம். எப்படி என்று அவராகவே காட்டினார். தொட்டிலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஒரு கையால் தொட்டிலை ஆட்டினார். இன்னொரு கையால் இல்லாத பந்தைத் தூக்கிப் போட்டார்.

"நான் இங்கன இருப்பேன் சார். பிள்ளைக்க பேட்டு எப்பமும் இங்கன நின்னுரும்." தன் காதுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். கைக்கும் காதுக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. "அவளுக்கும் அளவு தெரியும், எனக்கும் தெரியும். ஒருக்காகூடப் பட்டது கிடையாது. கண்ண மூடிக்கிட்டு இருப்பேன்."

நான் தொட்டிலைப் பார்த்தேன்.

"சார் முழுசா சுத்தச் சொல்லுதாவன்னு சொன்னா. சார் சொன்னா செய்யின்னுதான் சொன்னேன். கொஞ்சம் பின்னால நவுந்து உக்காந்தேன். அதுக்கு மேல நவுர எடம் ஏது? தொட்டிலு இருக்குல்லா." எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தார். "நல்ல வீச்சு சார். காத்து சத்தம் கேட்டுது. நீங்க சொன்ன மாதிரிதானே?"

"ஆமா" என்றேன்.

காது கேட்காமல் போனதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளியாளிகளில் பலருக்குக் காது ஓட்டைதான். அவருக்குப் போனது வேறு. நான் போனதற்கு முந்தின நாள் அவரை வள்ளத்தில் கூட்டிப் போயிருக்கிறார்கள். வழக்கம்போல மச்சான் கயிற்றைப் பிடித்திருக்கிறான். அக்காள் தாலிக்குப் பயந்தவன் கயிற்றைக் கைவிடமாட்டான் என்று, அங்கே குளிப்பவரின் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள். இவர் இறங்கியிருக்கிறார்.

"உள்ள போனதும் மேல எது, கீழ எதுன்னு தெரியல சார். தரையத் தேடித்தான் போறேன்னு நெனைக்கேன். தலைல வெயிலு அடிக்கி. மறுபடியும் போனேன், மறுபடியும் அதேதான். மச்சான் அழுதுட்டான்." அவர் சிரிக்கப் பார்த்தார். "சரியாப் போவும்லா சார்? நீங்க படிச்சவுக."

போகும் என்றேன். எனக்கு என்ன தெரியும்.

அவர் அதற்குப் பிறகு குளிக்கவே இல்லை. மற்றவர்களுடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் உட்கார்ந்திருந்தார். இதை எனக்குச் சொன்னது அவள்தான், பல வருடங்களுக்குப் பின், திருச்செந்தூர் போகிற பஸ்ஸில். அவளுக்கு நரை தொடங்கியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். நான் தடுத்ததால் சன்னலோடு ஒடுங்கி, இருக்கையில் முக்கால்வாசியை எனக்கு விட்டாள்.

"நல்லா இருக்கியளா சார்?"

நன்றாக இருப்பதாகச் சொன்னேன். இறால் கம்பெனியில் இருந்ததையும், கல்யாணம் ஆனதையும், அப்பா போய்ச் சேர்ந்ததையும் விட்டுவிட்டுச் சொன்னாள். ஆறுமுகநேரி தாண்டியதும், என்னைப் பார்க்காமல், "சார், அன்னைக்கு சிஸ்டர் ரூம்ல நான்..." என்றாள்.

இந்தத் தடவையாவது நான் காத்திருக்க வேண்டும். அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் அந்த வாக்கியத்தின் முடிவைக் கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது.

"அதெல்லாம் பழைய கதை. விட்டுரும்மா" என்றேன்.

"ஆமா சார்" என்றாள்.

அடிபட்ட அந்த வருடமே பாளையங்கோட்டைக்கு அவளை அழைத்துப் போனதைத்தான் இனிச் சொல்ல வேண்டும். அவள் வர மறுத்திருந்தால் விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் மறுக்கத் தெரியாதவள். அவளுடைய அப்பாவும் "போயிட்டு வாளா" என்று சொல்லிவிட்டார். தானும் கூட வந்தார். அந்த வீட்டுக்கு இனி அந்தக் கல்லூரி இடம் ஒன்றுதான் மிச்சம் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

பெரிய மைதானம். ஓரத்தில் மரத்தடியில் தேர்வாளர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மூன்றாவது மூலைக்கு அருகில், பயிற்சியாளர்கள் நிற்கும் இடத்தில் நின்றேன். அவர் எல்லைக் கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். அவள் மட்டை சுற்றிப் போய் முடிய வேண்டிய பக்கம் அது. வெகு தூரம். மட்டையை விட்டு எறிந்தால்கூட அங்கே போய்ச் சேராது.

முதல் பந்து நல்ல உயரத்தில் வந்தது. அவள் காத்திருந்தாள். மட்டை கிளம்பியது, பந்துக்கு ஒரு முழத்துக்கு முன்பே நின்றது. எப்போதும் பந்தைத் தொட்ட பிறகுதான் நிற்கும். இப்போது தொடவும் இல்லை.

"முழுசா சுத்து" என்று நான் கத்தினேன். ஆமாம், அன்றும் அதைத்தான் கத்தினேன்.

இரண்டாவது பந்துக்கும் அப்படியே நின்றது. அவள் பந்தைப் பார்க்கவில்லை. அப்பா உட்கார்ந்திருந்த திசையைப் பார்த்தாள். நான் அதைக் கவனிப்பதற்குள் அவர் கவனித்துவிட்டார்.

அவர் எழுந்தார். முகத்தை அவள் பக்கமே வைத்துக்கொண்டு பின்னால் நடக்கத் தொடங்கினார். தலைசுற்றல் இன்னும் விடவில்லை. அலையில் ஆடும் வள்ளத்தில் நடப்பவரைப்போல ஒரு கையை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு, தள்ளாடி, ஒருமுறை முழங்காலிட்டு விழுந்து எழுந்து, பின்னாலேயே போனார். வேடிக்கை பார்த்தவர்கள் குடிகாரர் என்று நினைத்துச் சிரித்தார்கள். சுற்றுச்சுவர் முதுகில் தட்டியதும் நின்றார். சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"எட்டாதுளா" என்று கூப்பிட்டார். "எட்டாது. சுத்து."

மூன்றாவது பந்து வந்தது. மட்டை வந்த வேகத்தைப் பார்த்து ஒரு தேர்வாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவ்வளவு அழகான வீச்சை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பார்த்ததில்லை. ஒரு சேலைத் தொட்டிலுக்கும் அதற்கு முன்னால் குந்தியிருக்கும் ஒரு மனிதருக்கும் இடம் விட்டு, அது நின்றது. பந்து அதன் அடியில் புகுந்து போனது.

நடுவர் கையை உயர்த்தினார். அவள் நகரவில்லை. நான் பழக்கிய விதமாகவே, மட்டை அந்தரத்தில் நிற்க, உதடு அசைய, ஒரு பிரியதத்தம் முடியும்வரை அங்கேயே நின்றாள்.